18,500 ரூபாய்க்கு ஒரு டிக்: வீட்டிலிருந்து ஆபீஸ் போன் பேசுகிறவர்கள் படித்துவிடுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரிதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. அதற்கப்புறம் தூக்கமே இல்லை. 18,500 ரூபாய். என் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி.

செங்கோட்டையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கம்பெனி சென்னையில். வண்டி இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை. மேசை மேல் வைக்கிற, இன்டர்நெட் வழியாகப் பேசுகிற ஐபி போன் ஒன்றைக் கம்பெனியே கொரியரில் அனுப்பியது. ஃபைபர் நெட் டப்பாவிலிருந்து (அதுவும் ஒரு ரவுட்டர்தான்) ஒரு ஒயரை அதில் சொருகினால் சென்னை ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் என் வீட்டில் அடிக்கும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் இடி விழுந்து டப்பா போய், நெட்காரர்கள் வேறு டப்பா வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

கஸ்டமர் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவருக்குக் கேட்காது. "ஹலோ, ஹலோ, யாருங்க" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். சில கால்களில் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கும், ஆனால் அரை நிமிஷத்தில் பட்டென்று அறுந்துவிடும். கம்பெனி ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டேன். மூன்று நாள் ஆகியும் ஆள் வரவில்லை. டீம் லீடரோ தினமும் திட்டு. அந்த அவசரத்தில்தான் தென்காசிப் பக்கம் ஒரு கடையைக் கூப்பிட்டேன். கேமரா, ரவுட்டர் எல்லாம் விற்று, வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுக்கிற கடை. பெயர் எழுதவில்லை. அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

கடைக்கார அண்ணாச்சியே நேரில் வந்தார். வந்த விதம் இருக்கிறதே! செருப்பை வாசலில் கழற்றி, அப்பாவிடம் "ஐயா சௌக்கியமா, முட்டி வலி எப்படி இருக்கு" என்று கேட்டு, அம்மா போட்ட சுக்குக் காபியைக் குடித்து, அப்புறம்தான் டப்பா பக்கமே போனார். இரண்டு நிமிஷம் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"தங்கச்சி, இது பார்டர் ஏரியால்லா. கேரளா சிக்னலும் நம்ம சிக்னலும் ஒண்ணோட ஒண்ணு முட்டுது. அதான் வாய்ஸ் ஒரு பக்கமாவே போகுது. நல்ல ரவுட்டரா போட்டுட்டா சரியாப் போயிரும். நீங்க கவலையே படாதீங்க."

நான் நம்பினேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் நம்பினேன். ஏனென்றால் புளியரை தாண்டிக் கோட்டைவாசல் ஏறும்போது செல்போன் கேரள டவரைப் பிடிப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். பாதி உண்மையை வைத்துத்தான் ஆளைக் கவிழ்க்கிறார்கள். போதாக்குறைக்கு அப்பா வேறு, "இந்த ஊரே 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூரோட இருந்தது, மண்ணைப் பிரிக்கலாம், காத்தைப் பிரிக்க முடியுமா" என்று ஒரு தத்துவம். என் நெட்டு காற்றில் வரவில்லை, கண்ணாடி இழையில் வருகிறது என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ரவுட்டர் 7,800. எட்டுத் துளை சுவிட்ச் 3,200. கேபிள் 1,500. கான்ஃபிகரேஷன் சார்ஜ் 4,000. பில் கேட்டதற்கு, "பில் போட்டா டாக்ஸ் சேருமே தங்கச்சி, உங்களுக்குத்தான நஷ்டம்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். யுபிஐ-யில் அனுப்பியபோது திரையில் கடைப் பெயர் வரவில்லை, வேறு யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. "வீட்டுக்காரி அக்கவுண்ட்" என்றார். சரி என்று விட்டேன்.

மறுநாள் பார்த்தால் பழைய கதைதான், இன்னும் மோசம். நாலில் மூன்று கால் அறுந்தது. புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ராத்திரி 2 மணிக்கு போன் தானாக அடிக்கும். திரையில் 1001 என்று இருக்கும். எடுத்தால் சத்தமே இருக்காது. அப்பாவுக்கு பிரஷர் உண்டு, மூன்று ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டால், "ராங் நம்பரா இருக்கும்மா." அடுத்த நாள், "சாரல் நேரம், லைன் ஈரமா இருக்கும்." அதற்கடுத்த நாள், "குற்றாலத்துல சீசன், பையனுவ பூரா லாட்ஜ் கேமரா வேலையில நிக்கான். நாளைக்குக் காலையில அனுப்புதேன்." எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ஒரு பையன் வந்து, டப்பாவை அணைத்துப் போட்டுவிட்டு, "ஸ்பீடு பத்தாதுக்கா, பெரிய பிளானுக்கு மாறுங்க" என்றான். அதற்கு விசிட் சார்ஜ் 2,000. கூட்டிப் பாருங்கள், 18,500. அப்புறம் போன் எடுப்பதே இல்லை. ஆனால் காலை தவறாமல் வாட்ஸ்அப்பில் ரோஜாப் பூவோடு குட் மார்னிங் மட்டும் வருகிறது.

இதில் எனக்கு ரொம்ப உறுத்துவது வேறு. முதல் நாளே, காபி ஆறுவதற்கு முன்னால், புளியரையில் இருக்கும் என் தோழிக்கு இவரைச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் இதே கம்பெனி, இதே போன். அவள் 5,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாள். அவள் வீட்டு வாசலை அவர் இன்னும் மிதிக்கவே இல்லை.

நேற்று ராத்திரி ஒரு வழியாகக் கம்பெனி ஐடி தம்பி ஸ்கிரீன் ஷேரில் வந்தார். கேட்டது ஒரே கேள்வி. "கரெக்டா எத்தனை செகண்ட்ல கட் ஆகுது மேடம்?" நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தேன், 32 என்றேன். சிரித்துவிட்டார். "அப்ப ஸ்பீடு இல்ல, ரவுட்டர்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் போனை எடுத்ததும் அது சர்வருக்கு "எடுத்தாச்சு" என்று செய்தி அனுப்பும். சர்வர் அதற்கு ஒரு "சரி" திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் "சரி" வழி தவறிப்போனால் போன் 32 செகண்ட் காத்திருந்துவிட்டுத் தானே இணைப்பை வெட்டிவிடும். வழி ஏன் தவறுகிறது? ரவுட்டருக்குள் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று இருக்கிறது. போனுக்கு உதவி செய்கிறேன் என்று செய்திக்குள் இருக்கிற முகவரியைத் திருத்தும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் அது தப்பாகத்தான் திருத்துமாம். நெட்காரர்கள் ஜூனில் வைத்த டப்பாவில் அது ஆனில் இருந்தது. ஒரு டிக்கை எடுத்தால் முடிகிற வேலை!

அண்ணாச்சி என்ன செய்திருக்கிறார் என்றால், அந்த டப்பா அப்படியே இருக்க, அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டி, இரண்டையும் முகவரி மாற்றுகிற வேலை செய்ய விட்டிருக்கிறார். புதிதிலும் ஏஎல்ஜி ஆனில்தான். அது போதாதென்று வெளியிலிருந்து வருகிற எதையும் தடுக்காமல் உள்ளே விடுகிற டிஎம்இசட்டை இரண்டிலும் போட்டு, என் போனை இன்டர்நெட்டைப் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார். இந்த மாதிரி போன்களுக்கான வாசலான 5060 போர்ட் திறந்திருக்கிறதா என்று ஊர் உலகமெல்லாம் தேடிக்கொண்டே திரிகிற புரோகிராம்கள் உண்டாம். ராத்திரி 2 மணி 1001 அவைதான். ரவுட்டர் பாஸ்வேர்டு அட்மின், அட்மின். கான்ஃபிகரேஷன் சார்ஜ் 4,000!

ஐடி தம்பி டிக்கை எடுத்தார், டிஎம்இசட்டை அணைத்தார், பாஸ்வேர்டை மாற்றினார், புது ரவுட்டரை வெறும் வைஃபை கொடுக்கிற டப்பாவாக ஆக்கினார். 20 நிமிஷம். ஒரு பைசா இல்லை. அப்புறம் நான் போட்டுப் பார்த்த கால் 14 நிமிஷம் அறுபடாமல் ஓடியது. பெரிய பிளான் வேண்டுமா என்று கேட்டேன். ஒரு போன் கால் 100 கிலோபிட் கூடத் தின்னாதாம், என் லைனில் வருவது 100 மெகாபிட். எட்டுத் துளை சுவிட்சில் ஒரே ஒரு ஒயர் தொங்குகிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், லாகின் நேரம் ஆகிவிட்டது. அவசரமாகச் சொல்கிறேன். கால் அரை நிமிஷத்தில் அறுந்தால் காசு கொடுக்கும் முன் எஸ்ஐபி ஏஎல்ஜியை அணைத்துப் பாருங்கள். சில டப்பாக்களில் அந்த இடத்தை நெட்காரர்கள் பூட்டி வைத்திருப்பார்கள், அவர்களையே கூப்பிட்டு அணைக்கச் சொல்லுங்கள். புது ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் ஐபி முகவரி 192.168 என்று தொடங்கினால் அதற்கு மேலே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். யுபிஐ-யில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நான் 1915-க்கு அடித்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். துண்டுச் சீட்டையும் யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். தோழியையும் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இதை எழுதும்போதே வாட்ஸ்அப் சத்தம். இன்றைக்கு ரோஜா இல்லை, தாமரை.