ஹாஸ்டலா, டே ஸ்காலரா? முதல் வருஷத்துலயே ரெண்டையும் பார்த்தாச்சு

காலேஜ்ல முதல் செமஸ்டர் வீட்டுல இருந்து பஸ்ல போய் வந்தேன், ரெண்டாவது செமஸ்டர் ஹாஸ்டலுக்கு மாறிட்டேன். அதனால புதுசா சேர்றவங்க யாராவது எது நல்லதுன்னு கேட்டா நேரா என்கிட்ட அனுப்பி விட்டுடறாங்க. முன்னாடியே சொல்லிடறேன், நான் ஹாஸ்டல் கட்சி. வீடு பக்கத்துலயே இருக்கறவங்களுக்கு மட்டும் என் பதில் வேற, அதுக்குக் கடைசியில வர்றேன்.

எல்லாருக்கும் தெரிஞ்சதை முதல்ல முடிச்சிடலாம். வீட்டுல இருந்தா செலவு கம்மி, வாய்க்கு ருசியா சாப்பாடு, காய்ச்சல்னா பார்த்துக்க ஆள் இருக்கு, அழுக்குத் துணி தானா மடிஞ்சு அலமாரிக்குப் போயிடும் (எப்படிப் போகுதுன்னு அப்ப யோசிச்சதே இல்ல). ஹாஸ்டல்னா மெஸ், வார்டன், காலையில பாத்ரூம் க்யூ, வாளி திருட்டு. இந்த லிஸ்ட்டை மட்டும் பார்த்தா வீடுதான் ஜெயிக்கும், நானும் அப்படிப் பார்த்துதான் முதல்ல வீட்டையே எடுத்தேன்.

அந்த லிஸ்ட்டுல விட்டுப்போனது நேரம். எனக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஒரு நாளைக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 15, செமஸ்டருக்கு 16 வாரம்னு வெச்சா 240 மணி நேரம், அதாவது ராத்திரி பகலா முழுசா பத்து நாள் பஸ்லயே குடியிருந்த மாதிரி. பஸ்ல படிச்சுக்கலாம்னு ஒரு நினைப்பு இருந்துச்சு, முதல் வாரம் ரெண்டு நாள் புக்கை வெளிய எடுத்ததோட சரி, சீட் கிடைச்ச அன்னைக்குத் தூக்கம், கிடைக்காத அன்னைக்கு ஒரு கை கம்பியில ஒரு கை பேக்ல.

ஆனா படிக்கிற நேரம் போனதுகூட பெரிய நஷ்டம் இல்லங்க. வீட்டுக்குத் திரும்ப என் பஸ் சாயங்காலம் அஞ்சே காலுக்கு, அதை விட்டா அடுத்தது ஏழு மணிக்குதான். முதல் வருஷத்துல உருப்படியா நடக்கற எல்லாமே அந்த அஞ்சே காலுக்கு மேலதான் நடக்குது. எந்த சீனியர்கிட்ட பழைய கொஸ்டின் பேப்பர் இருக்கு, எந்த சார் கிராஃப்ல ஸ்கேல் எழுதலன்னா ரெக்கார்டைத் திருப்பிக் குடுப்பாரு, ப்ராஜெக்ட்டுக்கு யாரு யாரோட டீம், எல்லாம் அங்கதான் முடிவாகுது. மறுநாள் காலையில போனா ராத்திரி நடந்த ஏதோ ஒண்ணைச் சொல்லி மொத்த பெஞ்சும் சிரிக்கும், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், எதுக்குன்னு தெரியாமலே.

கன்சாஸ் யுனிவர்சிட்டி ப்ரொஃபசர் ஜெஃப்ரி ஹால் 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு. தெரிஞ்ச முகம் சாதாரண ஃப்ரெண்டாகவே கிட்டத்தட்ட 50 மணி நேரம் ஒண்ணா இருக்கணுமாம், நிஜமா ஃப்ரெண்டுன்னு சொல்ல 90, நெருங்கின ஃப்ரெண்டுன்னா 200க்கு மேல. அதுலயும் வேலை இடத்துல, கிளாஸ்ல ஒண்ணா உட்கார்ந்திருக்கற நேரம் அவ்வளவா கணக்குல சேராது, சும்மா சேர்ந்து பொழுது போக்கற நேரம்தான் சேரும்னு சொல்றாரு. இதைப் படிச்சப்ப என் 240தான் ஞாபகம் வந்துச்சு, அந்த பஸ் கம்பியோட நான் எவ்வளவு நெருக்கமாயிருக்கணும் பாருங்க.

படிப்புலயும் இதே கதைதான். முதல் இன்டர்னல்ஸுக்கு முந்தின நாள் ராத்திரி சாய்வுதளத்துல பிளாக் வழுக்கற கணக்கு ஒண்ணு வரவே மாட்டேங்குது, போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், நாப்பது பேர் பார்த்தாங்க, ஒருத்தர் கட்டைவிரல் காட்டினாரு, அவ்வளவுதான். ஹாஸ்டல் போனப்புறம் செமஸ்டர் பரீட்சைக்கு முன்னாடி அதே மாதிரி கணக்கு, பக்கத்து ரூம் கதவைத் தட்டினேன். வாயில ப்ரஷ்ஷோட வந்தவன் நோட்டைப் பார்த்தான், பேசக்கூட முடியல அவனால, நான் செங்குத்து விசைன்னு போட்டிருந்த எம்ஜியை (அதாவது பிளாக்கோட முழு எடை) விரலால ரெண்டு தட்டு தட்டி, பக்கத்துல காஸ் தீட்டான்னு (சாய்வுக் கோணத்தோட கொசைன்) எழுதிட்டு வாய் கொப்பளிக்கப் போயிட்டான். மொத்தமே அரை நிமிஷம். சாய்வுல எடை முழுசா தளத்தை அழுத்தாது, அதுல ஒரு பங்குதான் அழுத்தும்னு அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு.

அதுக்காக ஹாஸ்டல் சொர்க்கம்னு சொல்ல வரல. முதல் ரெண்டு வாரம் வீட்டு ஞாபகம் ஆளைத் தின்னுடும், நான் வெள்ளிக்கிழமை ஆனா வீட்டுக்கு ஓடி ஓடி ஒவ்வொரு திங்களும் அதை முதல்ல இருந்து அனுபவிச்சேன், ஒரு மாசம் போகாம இருந்தப்புறம்தான் அடங்குச்சு. தூக்கம் ரெண்டு மணிக்குத் தள்ளிப் போச்சு. இன்னொண்ணு, ஒன்றரை மணி நேரம் தள்ளி இருந்து வந்தப்ப ஒரு நாளும் லேட் இல்ல, அஞ்சு நிமிஷ நடை தூரத்துக்கு வந்தப்புறம்தான் முதல் ஹவர் அட்டெண்டன்ஸ் போக ஆரம்பிச்சுது, இது ஏன்னு யாராவது ஆராய்ச்சி பண்ணணும்.

ரூம்மேட் விஷயம் சுத்தமா லக்குதான். அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல முதல் வருஷத்துக்காரங்களுக்கு ரூம்மேட்டைக் குலுக்கல் மாதிரி போட்டு விட்டதை வெச்சு ப்ரூஸ் சாசர்டோட்னு ஒரு பொருளாதாரப் ப்ரொஃபசர் 2001ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு, ரூம்மேட்டோட மார்க் நம்ம மார்க்கையும் கொஞ்சம் இழுக்குதாம். எனக்கு நல்லவன் வந்தான், அதனாலயே நான் ஹாஸ்டலைத் தூக்கிப் பேசறேனோன்னு ஒரு சந்தேகம் எனக்கே உண்டு. விடிய விடிய கேம் ஆடற ஆள் வந்திருந்தா இந்தக் கட்டுரை வேற மாதிரி இருந்திருக்கலாம். வெளிய ரூம் எடுத்து ரெண்டு மூணு பேரா தங்கறதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன், இருந்து பார்த்ததில்ல.

இப்ப தூரக் கணக்குக்கு வர்றேன். ஒரு வழி அரை மணிக்குள்ளன்னா வீட்டுலயே இருங்க, ஆனா வாரத்துல மூணு நாளாவது ஏழு மணி வரைக்கும் லைப்ரரியிலயோ கிரவுண்டுலயோ இருந்துட்டுக் கிளம்புங்க. என் கிளாஸ்ல சைக்கிள்ல வர்ற ஒருத்தன் அப்படித்தான், பாதிப் பேர் அவனையும் ஹாஸ்டல்னே நினைச்சுட்டு இருந்தாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேலன்னா யோசிக்காம ஹாஸ்டல். நடுவுல இருக்கறவங்க கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, தூரத்தை விட அதுதான் முக்கியம்.

ஹாஸ்டல்னு முடிவு பண்ணிட்டா வாளி ரெண்டா எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு முதல் வாரத்துலயே போயிடும், பேர் எழுதி வெச்சாலும் போயிடும், என்னுது மூணு மாசம் கழிச்சு மாடியில கிடைச்சுது, அதுல யாரோ செடி வெச்சிருந்தாங்க.