6,500 ரூபாய்க்கு எமனைப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்கள், பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். ஸ்கூல் ப்ராஜெக்ட் செய்து தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 6,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். பணத்தை விடுங்கள். அவர்கள் கொடுத்ததை ப்ளக்கில் சொருகியிருந்தால் ஒரு பிள்ளையின் உயிர் போயிருக்கும்.

பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பிளாஸ்மா குளோப் செய்ய ஆசைப்பட்டார்கள். கண்ணாடி உருண்டைக்குள் ஊதா நிறக் கீற்றுகள் ஓடும், விரலை வைத்தால் விரலைத் தேடி வரும், அதுதான். டெஸ்லா 1894-இல் காப்புரிமை வாங்கிய விளக்கின் வழியில் வந்தது. பெரிய குண்டு பல்பிலேயே, உள்ளே இருக்கும் ஆர்கான் வாயுவால், கீற்றுகளைக் காட்டிவிடலாம்.

சிக்கல் பவர் சப்ளைதான். சில ஆயிரம் வோல்ட் வேண்டும், ஆனால் கரண்ட் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதிர்வெண் 20, 30 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருந்தால்தான் கண்ணாடியைத் தாண்டி விரலுக்குக் கொஞ்சமாவது கரண்ட் வரும், கீற்றும் தெரியும். வீட்டு லைனின் 50 ஹெர்ட்ஸில் அது நடக்காது. இத்தனையும் ஒரு தாளில் எழுதி அந்தக் கடையில் கொடுத்தேன். 12 வோல்ட் அடாப்டரில் ஓட வேண்டும், 230 வோல்ட் லைன் பெட்டிக்குள்ளேயே வரக் கூடாது என்பதற்கு அடிக்கோடும் போட்டேன்.

கடைக்காரர் அதை நிதானமாகப் படித்தார். டீ வரவழைத்தார். "சார், நான் டிவி மெக்கானிக்கா இருந்து வந்தவன். பசங்க தொடற சாமான், என் பொண்ணுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தர்றேன்" என்றார். மேசையில் இருந்த சின்ன பிளாஸ்மா உருண்டையை எரியவிட்டு, கூட வந்த மாணவியைத் தொடச் சொன்னார். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பணத்தை எடுத்து வைத்தேன். முன்பணம் 2,000, பெட்டி கைக்கு வந்தபோது 4,500. ஆளுக்கு ஐம்பது, நூறு என்று பிள்ளைகள் சேர்த்தது போக மீதி என் கைக்காசு. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார்.

பெட்டியைத் தூக்கும்போதே சந்தேகம். 12 வோல்ட் சர்க்யூட்டுக்கு இத்தனை கனம் எதற்கு? அடாப்டர் இல்லை, நேராகச் சுவரில் சொருகும் இரண்டு பின் ப்ளக். சொருகாமல் ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே பழைய மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மர்! சுமார் 2,000 வோல்ட், அரை ஆம்பியர் வரை சர்வசாதாரணமாகத் தள்ளும். ஹை வோல்டேஜ் சுருளின் ஒரு முனை இரும்புக் கோரோடு சேர்ந்திருக்கும். அந்தக் கோரைத் தகரப் பெட்டியிலேயே போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள், எர்த் வயரே இல்லை. ஒரு கை பெட்டியில், ஒரு கை பல்பின் முனையில் பட்டால் ஆள் காலி. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்க வீட்டில் வைக்கும் 30 மில்லிஆம்பியர் டிரிப்பரும் காப்பாற்றாது, டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. இத்தனைக்கும் 50 ஹெர்ட்ஸில் குளோப் ஒழுங்காக எரியவே எரியாது.

போன் போட்டேன். "பையன் பெட்டியை மாத்திக் கொடுத்திருப்பான் சார்." மறுபடி போட்டால், "ஓனர் பெங்களூரு போயிருக்காரு." நேரில் போனால் அதே ஓனர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்! "நீங்க பெட்டியைத் திறந்துட்டீங்களே சார், இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது" என்கிறார். பிள்ளைகள் செத்துப்போவார்கள் என்றால், "தொடாம பாத்துக்க வேண்டியது உங்க பொறுப்பு." தொடுவதற்காகவே செய்கிற பொருள் ஐயா அது! கடைசியில், இன்னும் 1,500 கொடுத்தால் பழைய டிவி ஃப்ளைபேக், அதாவது படக்குழாய்க்கு ஹை வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர், வைத்துத் தருகிறாராம். பிந்தைய டிவிக்களின் ஃப்ளைபேக்கில் உள்ளேயே டயோடு உண்டு, வருவது டிசி, ஒரே திசையில் போகும் கரண்ட். அதுவும் குளோப்புக்கு ஆகாது, கண்ணாடியில் சார்ஜ் ஏறி நின்றுவிடும். 6,500 போனது போதாதா?

விரிவாக வழிகாட்டி எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. யாராவது சப்ளை செய்து கொடுத்தால், காசு கொடுக்கும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். யூஎஸ்பி-யிலோ 12 வோல்ட் அடாப்டரிலோ ஓடும் சின்ன பிளாஸ்மா பந்து வாங்கி, அதன் போர்டையே அடாப்டரோடு பயன்படுத்துங்கள். அதிலும் வெறும் முனையைத் தொட்டால் விரல் தீயும். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டுப் புகார் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஊத்தங்கரை, பர்கூர், பென்னாகரம் பக்கம் எந்தப் பள்ளியிலாவது இதே மாதிரி கனமான தகரப் பெட்டி இருந்தால் இன்றைக்கே ப்ளக்கைப் பிடுங்கி அறையைப் பூட்டுங்கள். உள்ளே சார்ஜைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் இருந்தால் ப்ளக்கை எடுத்த பிறகும் அடிக்கும், விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் கை வைக்க வேண்டாம்.