இலவசக் கிடங்கில் போட்டுவைத்த நடுகல்

இலவசமாகப் படம் ஏற்றிவைக்கும் தளங்களை நம்பி இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். போனது காசு மட்டும் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன்.

2011இல் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கம் ஒரு வயல் வரப்பில் நின்ற நடுகல்லை, அதாவது சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல்லை, படம் எடுத்தேன். தமிழின் பழைய எழுத்து முறையான வட்டெழுத்தில் வெட்டிய கல். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் சொரசொரப்புதான் தெரியும். சாயங்காலம் வரை காத்திருந்து, வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுக்க வேண்டும். அப்போதுதான் வெட்டுக்குள் நிழல் இறங்கி எழுத்து எழும்பி வரும். சிலர் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு எடுப்பார்கள். கல்லுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஒவ்வொரு படமும் 4 எம்பி. கல்வெட்டு படிக்கும் நண்பர்கள் பத்துப் பேருக்கும் மெயிலில் அனுப்பினால் பெட்டி நிரம்பிவிடும். அதனால் ஒரு இலவசத் தளத்தில் ஏற்றி, இணைப்பை மட்டும் கொடுத்தேன். அடுத்து எடுத்த கல், கோயில் எல்லாமே அங்கேதான் போயின. 2015இல் என் வன்தட்டு செத்தபோதுகூடக் கவலைப்படவில்லை. அங்கே இருக்கிறதே!

போன வருடம் ஒரு நண்பர் கேட்டார்: “மூணாம் வரியில அது ‘ப’வா, ‘வ’வா சார்? படம் திறக்கவே மாட்டேங்குது.” போய்ப் பார்த்தால், படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். கணக்கைக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றினால்தான் படம் தெரியுமாம். ஆண்டுக்கு 3,200 ரூபாய். என் படத்தை நானே மீட்க வேண்டிய நிலை. சரி, கட்டித் தொலைத்தேன்.

இறக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் 150, 180 கேபி. 3648 புள்ளி அகலத்தில் ஏற்றியதை 1024 ஆகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். எடுத்த தேதியும் இடமும் கோப்பிலிருந்து போய்விட்டன. மூன்றாம் வரியைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. ‘ப’வும் இல்லை, ‘வ’வும் இல்லை. நாலு முறை எழுதிக் கேட்டேன். “உங்கள் பொறுமைக்கு நன்றி” என்று நாலு முறையும் ஒரே பதில். இலவசக் கணக்கில் மூலக் கோப்பை வைத்திருக்க மாட்டோம் என்பது விதிமுறைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. வட்டெழுத்தை விடக் கஷ்டம் அதைப் படிப்பது.

இதோடு முடியவில்லை. இந்த வருடமும் அட்டையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டார்கள். இப்படித் தானாக எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி அனுப்பித்தான் இருந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கும் குறுஞ்செய்திகளுக்கு நடுவே புதைந்து கிடந்தது. தளத்தில் ரத்து பொத்தானைத் தேடி அலைய வேண்டாம். வங்கியின் செயலிக்குள்ளேயே அந்த அனுமதியை நீக்கிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

இலவசம் இலவசமாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கூகுள் போட்டோஸ்கூட 2021 ஜூனில் வரம்பில்லாத இலவசத்தை நிறுத்தியது. எங்கே ஏற்றினாலும் அன்றைக்கே ஒரு படத்தைத் திரும்ப இறக்கி அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். 4 எம்பி போய் 200 கேபி வந்தால், அங்கே இருப்பது உங்கள் படம் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், சுருங்காது. கல்வெட்டு மாதிரி பொதுவில் இருக்க வேண்டியவற்றை நான் இப்போது விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுகிறேன். கொடுத்த கோப்பு கொடுத்தபடி இருக்கிறது. வீட்டில் இரண்டு வன்தட்டு தனி.

மறுபடி போய் எடுத்தால் என்ன என்பீர்கள். போனேன். ஊர்க்காரர்கள் அந்தக் கல்லை வேடியப்பனாகக் கும்பிடுகிறார்கள். யாரோ பக்தியில் பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். வீரன் இப்போது நீலத்தில் நிற்கிறான், எழுத்தெல்லாம் மஞ்சளுக்கு அடியில்.

அப்புறம், அந்தப் பத்துப் பேரில் ஒருவரிடம் 2011இல் நான் மெயிலிலேயே அனுப்பிய ஒரே ஒரு முழுப் படம் கிடைத்தது. முதல் இரண்டு வரி கண்ணாடி மாதிரி இருக்கிறது. மூன்றாம் வரியின் மேல் என் தலையின் நிழல்.