ஆடாசிட்டியில் குரல் எடிட்டிங்: புழங்கிப் பழகியதில் தெரிந்தவை

வீட்டிலேயே சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். எடிட்டிங் முழுக்க ஆடாசிட்டியில்தான். 2000-இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. இத்தனை காலம் புழங்கிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: குரல் பதிவு நன்றாக அமைய எஃபெக்ட்களைவிட, எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதே முக்கியம்.

தமிழில் வெட்டுவதற்குத் தோதான இடம் ஒன்று இருக்கிறது. 'பக்கம்', 'பட்டு' மாதிரி வல்லினம் இரட்டிக்கிற சொல்லை ஜூம் செய்து பாருங்கள். திரையில் தெரியும் ஒலி அலை சட்டென்று படுத்து, கிட்டத்தட்ட நேர்கோடாகி, பிறகு எழும். நாக்கு அடைத்து நிற்கிற அந்த இடைவெளியில் வெட்டி ஒட்டினால் காதுக்குத் தெரியாது. 'மழை', 'வாழ்வு' போன்ற சொற்களில் அலை அறுபடாமல் ஓடும்; நடுவில் கை வைத்தால் ஒட்டு காட்டிக்கொடுத்துவிடும். அங்கெல்லாம் முழு வாக்கியத்தையும் மறுபடி வாசித்துவிடுவது நல்லது. வெட்டும் முன் 'இசட்' விசையைத் தட்டினால், தேர்வின் இரு முனைகளும் அலை சுழியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். 'டிக்' சத்தம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும்.

இதனால்தான் நீண்ட மௌனங்களைத் தானாகச் சுருக்கும் 'ட்ரங்கேட் சைலன்ஸ்' கருவியில் கவனம் வேண்டும் என்கிறேன். எவ்வளவு நேர இடைவெளியை மௌனமாகக் கொள்வது என்ற கால அளவை ரொம்பக் குறைத்தால் 'பட்டு'வில் உள்ள அடைப்பும் மௌனமாகக் கணக்காகிச் சுருங்கி, 'படு' பக்கம் சாய்ந்துவிடும். நான் அரை விநாடிக்குக் கீழே போவதில்லை.

இருமல், தாள் புரட்டும் சத்தம் போன்றவற்றை கன்ட்ரோல்+எல் கொடுத்து மௌனமாக்கலாம்தான். ஆனால் ஹெட்போனில் கேட்பவருக்குப் பதிவே நின்றுவிட்டதோ என்று தோன்றும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பேசாமல் சில விநாடி அறையின் ஒலியை மட்டும் பதிந்துகொண்டு, அதிலிருந்து துண்டெடுத்து அந்த இடத்தில் ஒட்டுவது என் வழக்கம். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரி காட்டவும் அதே துண்டு போதும். மின்விசிறி இரைச்சலுக்கு 6 டெசிபல் குறைத்தாலே பல நேரம் சரியாகிவிடுகிறது. கூட்டிக்கொண்டே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸருக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். அது குரலைச் சமப்படுத்தி ஒலியளவை ஏற்றும்போது இரைச்சலும் கூடவே ஏறும். ஒலியின் உச்சத்தைக் குறித்த அளவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் கடைசியில், மைனஸ் 1 டெசிபலுக்கு.

மூச்சுச் சத்தத்தை அழிக்காதீர்கள், குறையுங்கள். மூச்சே இல்லாத வாசிப்பைக் கேட்கிறவருக்குத் திணறும்.

ஆடாசிட்டியின் 3.1 பதிப்பில் கிளிப்பின் (ட்ராக்கில் உள்ள ஒலித் துண்டின்) ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்து மறைக்கும் வசதி வந்தது. தேவைப்பட்டால் வெளியே இழுத்து மீட்டுக்கொள்ளலாம். தைரியமாக வெட்ட முடிவதே இதனால்தான். 3.2-இலிருந்து பல எஃபெக்ட்களை ஒலி ஓடும்போதே போட்டுப் பார்த்துக் கழற்றலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் அப்படி வராது, ஒலியையே மாற்றிவிடும். அதனால் அதைத் தொடும் முன் ட்ராக்கை ஒரு நகலெடுத்து, மியூட் செய்து கீழே வைத்துவிடுகிறேன்.