1,180 ரூபாய் டப்பாவும் 25 ரூபாய் டேப்பும்

போன ஜூன் மாதம் அண்ணனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று கோவையில் சொன்னார்கள். அவருக்கு 67, எனக்கு 61. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று கேள்விப்பட்ட இரவு தூக்கம் போனது. மறுநாள் காலை கோத்தகிரியில் ஒரு மருந்துக்கடை முன்னால் நின்றேன். பயந்தவன் பையில் பணம் தங்காது என்பது கடைக்காரருக்குத் தெரியும். "அம்பது தாண்டினவங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க, எடுத்துக்கோங்க சார்" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். 60 கேப்சூல், 1,180 ரூபாய்.

கம்பெனிப் பெயர் வேண்டாம். தக்காளிப் படம் போட்ட இதே மாதிரி டப்பாவை நாலைந்து பேர் விற்கிறார்கள். நாளுக்கு ஒன்று. சிவப்பாக, வழவழவென்று தொண்டையில் எளிதாக இறங்கும், அதைக் குறை சொல்ல முடியாது. இறங்கிய அரை மணி நேரம் கழித்து மீன் எண்ணெய் வாடையில் ஏப்பம் வரும். அந்த வாடையிலும் எனக்கு ஒரு தெம்பு, மருந்து வேலை செய்கிறதாம்!

30 வருஷம் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே டஸ்ட்டா லீஃபா என்று சொல்வேன். இந்த டப்பாவின் லேபிளை மட்டும் ஒரு மாதம் படிக்கவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியபோது, எனக்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அதையும் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். டப்பாவைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படித்தார். லைகோபீன், செலினியம் என்ற தாதுச்சத்து, வைட்டமின் ஈ 400 யூனிட்.

"இந்த 400-ஐத்தான் சார் அமெரிக்காவில் சோதித்தார்கள்" என்றார். 'செலக்ட்' என்ற ஆய்வு அது. 2001-இல் தொடங்கி 35,000 ஆண்களுக்கு மேல் சேர்த்தார்கள். சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு செலினியம், சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பலன் எதுவும் தெரியாததால் 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011-இல் கணக்குப் பார்த்தால், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல். ஏழு வருஷத்தில் வெறும் மாத்திரை சாப்பிட்ட ஆயிரம் பேரில் 65 பேருக்கு வந்தது. வைட்டமின் ஈ சாப்பிட்ட ஆயிரம் பேரில் 76 பேருக்கு. நான் காசு கொடுத்து வாங்கியது அந்தப் பதினோரு பேரின் வரிசையில் ஓர் இடமாகவும் இருக்கலாம்.

சரி, தக்காளி? தக்காளியின் சிவப்புதான் லைகோபீன். அது காக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2007-இல் சொன்னது. 2014-இல் சான்று போதாது என்று இறக்கிவிட்டது. எண்ணெயில் வதக்கிய தக்காளியிலிருந்து லைகோபீன் உடம்பில் நன்றாகச் சேரும், ருசிக்குச் சாப்பிடுங்கள், காவலுக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

அப்புறம்தான் "ஸ்வெட்டரைக் கழற்றுங்க சார்" என்றார்.

மலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். வருஷம் முழுக்க ஸ்வெட்டர், அதன்மேல் ஜெர்கின். தொப்பை இருப்பது பெண்டாட்டிக்கும் தையல்காரருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விடச் சொல்லி அளந்தார். 104 செ.மீ. நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டுமாம்.

அவர் விளக்கியதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பருமனாக இருந்தால் எல்லா வகைப் புராஸ்டேட் புற்றுநோயும் கூடிவிடுவதில்லை. முற்றிப் பரவுகிற வகைதான் கூடுகிறது. ஐரோப்பாவில் 8 நாடுகளில் 1,40,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். இடுப்பு 10 செ.மீ. கூடக்கூட இந்த நோயால் சாகும் வாய்ப்பு 18 சதவீதம் கூடியிருந்தது. உயரத்துக்கும் அதே மாதிரி ஒரு தொடர்பு, 10 செ.மீ.க்கு 17 சதவீதம். நான் ஐந்தடி பத்து அங்குலம். அதை வெட்ட முடியாது, விட்டுவிடுவோம்.

இன்னொன்று பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்ப்பது. எனக்கு 1.9 வந்ததும் பெருமூச்சு விட்டேன். உடம்பு பருத்தவர்களுக்கு ரத்தத்தின் அளவும் கூடுதல், அதனால் பி.எஸ்.ஏ. நீர்த்துப்போய்க் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்றார். டிகாக்ஷனில் தண்ணீரை விட்டுவிட்டு டீத்தூள் போதவில்லை என்கிற கதை. அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்கிறார்.

பால் பற்றிக் கேட்டேன். பாலும் கால்சியமும் மிக அதிகமானால் ஆபத்து கூடலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன, சான்று உறுதியாக இல்லை, இரண்டு டீக்கெல்லாம் பயப்படாதீர்கள் என்றார். நான் குடிப்பது ஏழு டீ என்று சொல்லவில்லை.

இனி டேப்புக்கு வருகிறேன். மார்க்கெட்டில் தையல் சாமான் கடையில் வாங்கியது, 25 ரூபாய், 150 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன், ஒரு கோடுகூடப் பிசகவில்லை. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், ஸ்வெட்டர் இல்லாமல் அளப்பேன். குளிரில் பல் கிட்டித்துப்போகும். ஒருநாள் சோம்பலில் ஸ்வெட்டரோடு அளந்தேன், மூன்று சென்டிமீட்டர் கூடக் காட்டியது. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

சாப்பாட்டில் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நாலு மணி டீக்கு நாலு வர்க்கி என்பது ஞாயிறு மட்டும் இரண்டு என்றானது. மைதாவும் டால்டாவும் அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான் வர்க்கி. அதன் ருசி தெரிந்தவர்களுக்கு நான் இழந்தது என்ன என்று தெரியும். இரவுச் சோறு போய் ராகிக் களியும் அவரைக் குழம்பும் வந்தன. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஏற்றத்தில் ஆட்டோ பிடிப்பதை நிறுத்தினேன். பிப்ரவரியில் டேப் 98 காட்டியது. மார்ச்சிலும் 98தான்.

டேப்புக்கு ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், நுனித் தகடு மூன்றாம் மாதமே கழன்றது, 90-க்குப் பக்கத்தில் எழுத்து மங்குகிறது. நான் இன்னும் அங்கே போகவில்லை என்பதால் இப்போதைக்குச் சிரமமில்லை. வாங்குபவர்கள் இழுத்தால் நீளாத ஃபைபர் டேப்பாகக் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் பிளாஸ்டிக் டேப் கொஞ்ச நாளில் நீண்டு, உங்களை மெலிந்தவராகக் காட்டும்.

கேப்சூல் 30 மிச்சம் இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.