லெஸ்போஸ் தீவுல பறவை பார்க்கக் கார் எடுக்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

640 யூரோ. கிரெடிட் கார்டுல பிடிச்சு வெச்சிருந்த டெபாசிட்டுல இருந்து வாடகைக் கார் கடைக்காரங்க இன்னைக்குக் காலையில எடுத்துட்டாங்க. அடுத்த ஏப்ரல் கடைசிக்கு கிரீஸ் நாட்டு லெஸ்போஸ் தீவுக்குப் போக நம்ம ஆளுங்க சிலர் இப்பவே திட்டம் போடுறீங்கன்னு தெரியும், அதான் கையோட எழுதுறேன்.

பல கம்பெனி கார்களை அடுக்கி விலை ஒப்பிட்டுக் காட்டுற தளம் ஒண்ணுல புக் பண்ணோம். "முழுக் காப்பீடு"ன்னு கொட்டை எழுத்துல போட்டு, அதுக்குத் தனியா பணமும் வாங்கிக்கிட்டாங்க.

மிட்டிலீனி விமான நிலையத்துல சாவி கொடுத்தவர் இருக்காரே, அப்படி ஒரு அன்பு! கழுத்துல பைனாகுலரைப் பார்த்ததுமே "கல்லோனி உப்பளத்துக்கா?"ன்னார். மேப்பை விரிச்சு, உப்பளத்தைச் சுத்திப் போற மண் பாதை, சிக்னியாஸ் ஆத்தோரப் பாதை எல்லாத்தையும் பேனாவால வட்டம் போட்டுக் கொடுத்தார். "மண் ரோட்டுல ஓட்டலாமா?"ன்னு வீட்டுக்காரர் தெளிவாவே கேட்டார். "பறவை பார்க்க வர்றவங்க எல்லாரும் அங்கதான் போறாங்க. உங்களுக்குத்தான் முழுக் காப்பீடு இருக்கே!"ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டோம்.

தீவு மேல எந்தக் குறையும் இல்ல. உப்பளத்துல பூநாரை, நெடுங்கால் உள்ளான், ஆத்துல கருநாரை, அக்லடேரி பைன் காட்டுல க்ரூப்பர் நட்ஹாட்ச்ங்கற குட்டிப் பறவைன்னு மனசு நிறைஞ்சுதான் திரும்பினோம்.

காரை விட வந்தப்ப அதே ஆள் டார்ச்சோட தரையில படுத்துட்டார். அடிப்பாகத்துல கீறலாம். 640 யூரோவாம். அடிப்பாகம், டயர், கண்ணாடிக்கு அவங்க காப்பீடு கிடையாதுன்னு ஒப்பந்தத்தோட பின்பக்கத்துல பொடி எழுத்துல இருக்கு. அவர் வட்டம் போட்ட மேப்பையே நீட்டினேன். "அது பறவைக்குச் சொன்னது, காருக்கு இல்ல"ன்னார். இதுக்கு என்ன பதில் சொல்றது, சொல்லுங்க!

தளத்துக்கு எழுதினா "கடையைக் கேளுங்கள்". கடைக்கு எழுதினா "புக் பண்ண இடத்துல கேளுங்கள்". மறுபடி தளம்: ரிப்பேர் பில் அனுப்புங்க. கடை பில் தர மாட்டேங்குது. கடைசியா வந்த பதில், மண் ரோட்டுல ஓட்டினது ஒப்பந்த மீறல், அதனால நாங்க தனியாக் காசு கட்டின காப்பீடும் செல்லாது. மண் ரோட்டுல போகாம அந்தத் தீவுல பறவைக்காரன் எங்கய்யா போவான்? 640 யூரோவுக்கு இன்னொரு தடவை போயிட்டே வரலாம்.

விவரமா யோசனை சொல்லணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. கார் எடுக்கும்போதே அடியில போனை நீட்டி வீடியோ எடுங்க, டயரையும் சேர்த்து. மண் ரோட்டுக்கு அனுமதின்னு எழுத்துல வாங்குங்க. சிக்ரி, எரெசோஸ்ங்கற ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கற மண் பாதைக்குச் சின்னக் காரைக் கொண்டு போகவே போகாதீங்க. டெபாசிட்டுக்கு டெபிட் கார்டு கொடுத்துடாதீங்க, கிரெடிட் கார்டுன்னா பேங்க்ல சண்டையாவது போடலாம். நான் நாளைக்கு பேங்குக்குத்தான் போறேன்.