ஆறு ஆண்டுச் சவரம்: பிடி பிழைத்தது, கிண்ணம் பிளந்தது

என் குளியலறைத் தட்டில் இன்றைக்கு இருப்பவை நான்கு: ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த, ஒற்றை பிளேடு போடும் மெர்க்கூர் 34சி ரேசர், ஈட்டி மரப் பிடி போட்ட பன்றிமயிர் பிரஷ், நுரை குழைக்கும் எவர்சில்வர் கிண்ணம், ஒரு படிகாரக் கட்டி. எவர்சில்வர் கிண்ணம் பின்னால் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் தேக்குக் கிண்ணம் இருந்தது.

ரேசரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அது உழைக்கிறது. ஏறத்தாழ 77 கிராம் எடை. பிடியின் அடியில் உள்ள திருகைச் சுழற்றினால் தலை கழன்றுவிடும், பிளேடை மாற்றிவிடலாம். எடையே வேலையைப் பார்த்துக்கொள்ளும், கை அழுத்தக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரமும் தாடையில் மூன்று கீறலும் ஆயின. தோலுக்குச் சுமார் 30 பாகைச் சாய்வில் பிடித்து, முடி வளரும் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். பிளேடு ஐந்து சவரத்துக்கு வரும். அடுக்கு பிளேடு கார்ட்ரிட்ஜுக்குக் கொடுத்துவந்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிரஷின் பிடியும் அந்தத் தேக்குக் கிண்ணமும் அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்தவை. மரச் சொப்பு கடையும் ஊர். பிரஷின் மயிர்க் கொத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு போய், அதற்கேற்ற 24 மில்லிமீட்டர் குழியோடு பிடி கடைந்து தரச் சொன்னேன். சொப்புகளுக்குப் போடுவதுபோலப் பளபளவென்று அரக்கு ஏற்றியும் கேட்டேன். கடைசல் பிடிக்கும் பெரியவர் ஒருமுறை தயங்கினார். நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு மாதத்தில் பிடியெல்லாம் வெள்ளைத் திட்டு. அரக்குக்கு வெந்நீரும் ஆகாது, சோப்பின் காரமும் ஆகாது. சுரண்டி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பூசினேன். அது இன்னொரு முட்டாள்தனம். தேங்காய் எண்ணெய் உலர்ந்து இறுகாது. பிடி பிசுபிசுத்து, சில வாரத்தில் சிக்கு வாடை வீசியது. கடைசியில் கைகொடுத்தது ஆளி விதை எண்ணெய். அது காற்றுப் பட்டு இறுகி மரத்தோடு ஒன்றிவிடும். மெல்லிய பூச்சு, துணியால் துடைப்பு, நான்கு நாள் காயவிடல். இப்படி ஐந்து முறை. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். இப்போது பிடி கருஞ்சிவப்பேறி, என் விரல் பட்ட இடம் மட்டும் மினுங்குகிறது.

பன்றிமயிருக்குப் பொறுமை வேண்டும். முதல் மாதம் துடைப்பம்போலக் குத்தும். மயிர் நுனி பிளந்த பிறகுதான் மென்மை வரும். ஒவ்வொரு நாளும் சில நிமிடம் ஊற வைக்க வேண்டும். மயிரை மட்டும்தான், பிடியை அல்ல. சவரம் முடிந்ததும் நன்றாக உதறி, மயிர் கீழ்நோக்கித் தொங்குமாறு ஜன்னலோரம் மாட்டிவைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படியும் காயாமல் நாறும். அந்த இரண்டு மாதமும் செயற்கை இழை பிரஷ்தான். அது அரை நாளில் காய்ந்துவிடும்.

நுரை வராத குறைக்கு ஒரு வருடம் சோப்பையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது சென்னைப் புறநகரில், போர் தண்ணீர் வரும் வீட்டில் இருந்தேன். உப்புத் தண்ணீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து, நுரைக்குப் பதில் திரிந்த பால்போல ஏடு கட்டும். ஒருநாள் குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக் குழைத்துப் பார்த்தேன். அதே சோப்பு, அதே பிரஷ், கிண்ணம் நிறைய வெண்ணெய்போல நுரை. ஒரு சவரத்துக்கு அரை டம்ளர் நல்ல தண்ணீர் போதும். விலை உயர்ந்த சோப்பு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

தேக்குக் கிண்ணம் எட்டு மாதம் அழகாகத்தான் இருந்தது. தினமும் உள்ளே ஈரம், வெளியே காற்று. மரம் நாரின் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். வட்டமாக இருந்த வாய் முதலில் முட்டை வடிவானது. பிறகு நார் முனை தெரியும் இடத்தில் மயிரிழை விரிசல். சித்திரை வெயிலில் அது அடிவரை இறங்கிவிட்டது. தேக்கு என்பதால் எட்டு மாதம் தாங்கியது என்றே நினைக்கிறேன்.

பிளந்த கிண்ணத்தைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரஷ் வைக்கிற கிண்ணம் என்றுதானே நினைத்தேன். தண்ணீர் தேங்கும் என்று சொல்லவில்லையே, தம்பி" என்றார். உண்மைதான், சொல்லவில்லை. மறுபடி ஒன்று கடைந்து தரட்டுமா என்று கேட்டார். ரேசரும் பிரஷும் தொங்குவதற்கு ஒரு மரத்தாங்கி மட்டும் போதும் என்றேன். நான்கு ஆண்டாக அதில் ஒரு கீறலும் இல்லை. விரிசல் விட்ட கிண்ணத்தில் அம்மா பூண்டு போட்டு வைத்திருக்கிறாள்.